கணக்கில் வராத முட்டைகள்

முட்டையை வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பதுதான் என் வேலையில் பாதி. காலையில் கோலாலம்பூரின் செந்தூலில் கொமுட்டர் ரயில் ஏறி செர்டாங்கில் இறங்குவேன். கோழிப் பண்ணைகளிலிருந்து வரும் மாதிரிகளைச் சோதித்துச் சொல்லும் ஆய்வுக்கூடம் ஒன்றில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். ஓர் இருட்டறை, ஒரு விளக்கு. பத்து நாள் அடைகாத்த முட்டையை அந்த விளக்கின் வாயில் வைத்தால் ஓடு முழுக்கச் சிவந்துவிடும். உள்ளே நரம்புகள் வேர் விட்டது போலப் படர்ந்திருக்கும். நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி தெரியும். அது கண். உயிரோடு இருக்கும் கரு வெளிச்சம் பட்டதும் அசைந்து கொடுக்கும். அந்த அசைவைப் பார்க்காமல் எந்த முட்டையையும் நான் அடுத்த தட்டில் வைத்ததில்லை.

நான் தேடுவது பெரும்பாலும் ஒரே கிருமியைத்தான். கோழிக்கு வரும் தொற்று மூச்சுக்குழாய் அழற்சி. பண்ணைக்காரர்கள் வாயில் அது ஐபி. இரவில் விளக்கை அணைத்துவிட்டுக் கொட்டகைக்குள் நின்று கேட்டால், நூற்றுக்கணக்கான கோழிகளின் தொண்டையில் சளி கரகரப்பது ஒன்றாகக் கேட்கும். பகலில் தீனி இயந்திரமும் மின்விசிறியும் போடும் சத்தத்தில் இது காதில் விழாது. அதனால் அனுபவமுள்ள பண்ணையாட்கள் ராத்திரிதான் கேட்கப் போவார்கள். கிருமி உள்ளே போனதிலிருந்து ஒன்றரை நாளுக்குள் அந்தச் சத்தம் வந்துவிடும், அவ்வளவு வேகம்.

பண்ணையிலிருந்து ஐஸ் பெட்டியில் மூச்சுக்குழாய்த் துண்டு, சிறுநீரகம், முட்டைக்குழாய் எல்லாம் வரும். அரைத்து, தெளியவைத்து, வடிகட்டி எடுத்ததை முட்டையின் அகன்ற முனையில் சின்னதாகத் துளை போட்டு ஊசியால் செலுத்துவோம். துளையை மெழுகால் அடைத்து மறுபடி 37 டிகிரி சூட்டில் வைப்போம். முதல் 24 மணி நேரத்துக்குள் செத்த கருவைக் கணக்கில் எடுப்பதில்லை. அது ஊசி பட்டதால் செத்திருக்கும். இரண்டு மூன்று நாளில் சில முட்டைகளைத் திறந்து உள்ளே இருக்கும் நீரை எடுப்போம். மீதியை ஒரு வாரம் விட்டுவைப்போம். அந்த ஒரு வாரம் கழித்துத் திறக்கும்போதுதான் ஐபி தன்னைக் காட்டிக்கொடுக்கும். பக்கத்து முட்டையில் நல்ல கரு கைகொள்ளாமல் வளர்ந்திருக்க, இது அதில் பாதி அளவில், கால்களைத் தலைக்கு மேல் மடித்துக்கொண்டு பந்து போலச் சுருண்டு கிடக்கும். எத்தனையோ முறை பார்த்தும் அந்தச் சுருளைப் பார்க்கும்போது எனக்கு ஒரு நிமிடம் கை நிற்கும்.

முதல் சுற்றில் ஒன்றுமே தெரியாமலும் போகலாம். அப்போது அந்த நீரை எடுத்துப் புது முட்டைகளுக்கு மாற்ற வேண்டும். மூன்று சுற்று, சில சமயம் அதற்கும் மேலே. இப்போது கிருமியின் மரபெழுத்தைத் தேடும் பிசிஆர் சோதனை இருக்கிறதே, எதற்கு இந்தப் பாடு என்று புதிதாக வரும் பிள்ளைகள் கேட்பார்கள். கிருமி இருக்கிறதா இல்லையா என்று பிசிஆர் அன்றைக்கே சொல்லிவிடும். கிருமியை உயிரோடு கையில் வைத்திருக்க வேண்டுமென்றால் முட்டைக்குத்தான் போக வேண்டும். உயிருள்ள கிருமி கையில் இல்லாமல், அது ஒரு கோழியை என்ன செய்யும் என்று யாரும் சோதித்துப் பார்க்க முடியாது.

இதையெல்லாம் இன்று எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் அம்மா.

2022 கடைசியில் இங்கே மலேசியாவில் முட்டைத் தட்டுப்பாடு வந்தது ஞாபகம் இருக்கும். கடைகளில் ஆளுக்கு ஒரு தட்டுதான் என்று எழுதி ஒட்டினார்கள். டிசம்பரில் நாமக்கல்லிலிருந்து கப்பலில் முட்டை வந்தது. தீனி விலை, கட்டுப்பாட்டு விலை என்று தொலைக்காட்சியில் ஆளாளுக்குக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவைச் செந்தூல் மார்க்கெட்டுக்கு அழைத்துப் போயிருந்தேன். முட்டைக் கடையில் காலித் தட்டுகளைப் பார்த்துவிட்டு முன்னால் நின்ற ஒருவர் சத்தமாகக் கேட்டார்: "முட்டையெல்லாம் எங்கதான் போச்சு?" சாதாரணமாகக் கேட்டதுதான். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தார். வீட்டுக்குப் போகலாம் என்றார். காய்கறி கூட வாங்கவில்லை.

அன்று மாலைதான் முழுக் கதையும் சொன்னார். எனக்குத் துண்டு துண்டாகத் தெரியும். 1996. எனக்குப் பத்து வயது. பினாங்கு மாநிலத்தில் நிபோங் திபால் பக்கம் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தைத் துண்டாடி விற்றுக்கொண்டிருந்த சமயம். பால் மரம் சீவிய கைகளுக்கு வேலை இல்லை. அம்மா பக்கத்தில் இருந்த ஒரு முட்டைக்கோழிப் பண்ணையில் சேர்ந்தார். கம்பிக் கூண்டு வரிசைகளுக்கு நடுவே தள்ளுவண்டியோடு போய், முன்னால் உருண்டு வந்திருக்கும் முட்டைகளைப் பொறுக்கித் தட்டில் அடுக்கி, வரிசைக்கு எத்தனை என்று அட்டையில் எழுத வேண்டும். அவர் பொறுப்பில் ஏறக்குறைய 2,000 கோழிகள்.

முதலில் நல்லபடியாகத்தான் போனது. பழைய கோழிகளைக் கழித்துவிட்டுப் புதுத் தொகுதி வந்தது. பதினாறு வாரம் வேறு இடத்தில் வளர்ந்து, லாரியில் வந்தவை. தடுப்பு மருந்தெல்லாம் கொடுத்தாகிவிட்டது என்று சொல்லித்தான் இறக்கினார்களாம். நல்ல முட்டைக்கோழி இருபது வாரத்துக்குள் இடத் தொடங்கி, அடுத்த இரண்டு மாதத்தில் உச்சிக்கு வந்துவிடும். நூறு கோழிக்குத் தொண்ணூறு முட்டை வர வேண்டும். அம்மாவின் வரிசைகளில் வரவில்லை. நாளைக்கு 1,800 வர வேண்டிய இடத்தில் 1,200-ஐத் தாண்டவே இல்லை.

தவுக்கே, அதாவது பண்ணை முதலாளி, கொட்டகைக்குள் வந்து பார்த்தார். கோழிகள் ஜம்மென்று நின்றன. கொண்டை சிவப்பு, தீனி மிச்சம் வைக்கவில்லை, சாவும் அதிகமில்லை. "கோழி நல்லாத்தான் இருக்கு. அப்ப முட்டை எங்க போச்சு?" என்று கேட்டார். அதைத்தான் மறுநாளும் கேட்டார், அதற்கு மறுநாளும் கேட்டார். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டு, சாயங்காலம் வாசலில் அம்மாவின் தூக்குச்சட்டியைத் திறந்து காட்டச் சொன்னார். பையைக் கொட்டிக் காட்டச் சொன்னார். கூட வேலை செய்தவர்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள். இரண்டு மாதம் சம்பளத்தில் பிடித்தார்கள். மூன்றாம் மாதம் அம்மா போகவில்லை. ஊரில் "முட்டைக்காரி" என்று ஒரு பேர் விழுந்தது. எங்கள் குடும்பம் கோலாலம்பூருக்கு வந்ததற்கு வேலை ஒரு காரணம் என்றால், அந்தப் பேர் இன்னொரு காரணம் என்பதை நான் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

கேட்டுக்கொண்டே இருந்தவள் ஓர் இடத்தில் நிறுத்தினேன். கோழி நல்லாத்தான் இருக்கு, கொண்டை சிவப்பா இருக்கு, முட்டை மட்டும் இல்லை. இதை நான் படித்திருக்கிறேன். இதற்குப் பேர் இருக்கிறது. 1950-களிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள்.

ஐபி கிருமி மூச்சுக்குழாயோடு நிற்பதில்லை. சில வகைகள் சிறுநீரகத்துக்குப் போகும்; சிறுநீரகம் வெளிறி வீங்கி, சுண்ணாம்பு போல உப்புப் படிந்திருக்கும். முட்டையிடும் கோழிக்கு வந்தால் முட்டைக்குழாயில் கை வைக்கும்: ஓடு மெலிந்து, சுருங்கி, கோணலாக வரும். உடைத்தால் வெள்ளைக்கரு தட்டில் தண்ணீராக ஓடும். இதெல்லாம் கண்ணுக்குத் தெரிவதால் சீக்கிரம் பிடிபட்டுவிடும். தெரியாமல் நடப்பது வேறொன்று. பிறந்த முதல் இரண்டு வாரத்துக்குள் குஞ்சுக்கு ஐபி வந்தால், நூல் போல இருக்கும் அதன் முட்டைக்குழாயைக் கிருமி கெடுத்துவிடலாம். குஞ்சு நாலு நாள் தும்மும், கண் கலங்கும், அப்புறம் தேறிவிடும். மற்றதெல்லாம் ஒழுங்காக வளரும். சினைப்பை வளரும், அதன் சுரப்பு நீரால் கொண்டை சிவக்கும், உரிய வாரத்தில் மஞ்சள் கரு பழுத்து விழும். ஆனால் விழுந்த கரு போய்ச் சேரக் குழாய் முழுசாக இல்லை. நடுவில் அடைபட்டிருக்கும், அல்லது ஒரு பகுதி வளராமலே நின்றிருக்கும். கரு வயிற்றுக்குள்ளேயே விழுந்து கரைந்துபோகும். அடைபட்ட குழாயில் நீர் கோத்துப் பை போலத் தொங்கும். சில கோழிகளுக்கு அந்தப் பாரத்தால் நெஞ்சு நிமிர்ந்து, பெங்குவின் போல நிற்கும் நிலை வரும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது முட்டையிடும் கோழி. பொய்முட்டைக்கோழி என்று நான் தமிழில் சொல்லிக்கொள்வேன்.

நோய் வந்தது முதல் வாரத்தில். முட்டை குறைந்தது ஐந்து மாதம் கழித்து. அந்த ஐந்து மாதத்தில் கோழி இடம் மாறி, கைமாறி வந்துவிட்டது. கிருமி எப்போதோ போய்விட்டது. கொட்டகையில் மிச்சம் இருந்தது அட்டையில் எழுதிய எண்ணும், அதை எழுதிய கையும்தான்.

ஆனால் அம்மாவின் கோழிகளுக்கு வந்தது இதுதான் என்று நான் எப்படிச் சொல்ல முடியும்? என் மேசைக்கு மாதிரி எதுவும் வரவில்லை. மாதிரி இல்லாமல் முடிவு எழுதக் கூடாது என்று பதினான்கு வருடமாகப் புதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவள் நான். அதனால் அம்மாவிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "அந்தக் கோழியில ஏதாவது ஒண்ணை அறுத்துப் பார்த்தீங்களாம்மா?"

"அறுக்காம என்ன? கழிச்ச கோழியை மலிவா குடுப்பாங்கள்ல. வேலைய விடுறதுக்கு முன்ன மூணு வாங்கிட்டு வந்தேன். ரெண்டுல வயித்துக்குள்ள தண்ணி மூட்டை. இம்மாம் பெருசு. கண்ணாடி மாதிரி தெளிஞ்ச தண்ணி. என்னவோ சீக்கு கோழின்னு ரெண்டையும் காட்டுல தூக்கிப் போட்டேன். உங்கப்பாகூட சத்தம் போட்டாரு, காசு கொடுத்து வாங்கினதைன்னு."

எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. கண்ணாடி போலத் தெளிந்த நீர்ப்பை. எங்கள் பாடப் படத்தில் இருப்பதை அம்மா தன் வீட்டுக் கொல்லையில், அரிவாள்மனையில், 1996-இலேயே திறந்து பார்த்திருக்கிறார். அவரைக் காப்பாற்றியிருக்கக்கூடிய ஒரே சாட்சியை அவரே காட்டில் வீசியிருக்கிறார். அது சாட்சி என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை.

இந்த நோயின் வரலாற்றைப் படித்தால், கண்ணால் பார்த்ததை மற்றவர் நம்ப வைப்பதற்கே பெரும்பாடு பட்டிருக்கிறார்கள் என்று தெரிகிறது. 1931-இல் அமெரிக்காவில், வடக்கு டகோட்டாவில், ஷால்க், ஹான் என்ற இருவர் குஞ்சுகளுக்கு வந்த புதுவிதமான மூச்சு நோய் என்று இதைப் பதிவு செய்தார்கள். 1937-இல் பியூடெட், ஹட்சன் இருவரும் அந்தக் கிருமியைக் கருமுட்டைக்குள் வளர்த்துக் காட்டினார்கள். நான் தினம் செய்யும் வேலையின் மூலம் அதுதான். எனக்கு மிகவும் நெருக்கமானவர் ஜூன் அல்மேடா. கிளாஸ்கோவில் பிறந்து, பதினாறு வயதில் பள்ளிப் படிப்பை நிறுத்திவிட்டு, மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தவர். மின்னணு நுண்ணோக்கியில் இந்தக் கோழிக் கிருமியையும் எலிக்கு வரும் ஈரல் அழற்சிக் கிருமியையும் பார்த்து, சுற்றிலும் முள் முள்ளாக ஒளிவட்டம் போல இருப்பதைப் படம் எடுத்து அனுப்பினார். ஃப்ளூ கிருமியைச் சரியாகப் படம் பிடிக்கத் தெரியவில்லை என்று சொல்லி அந்தக் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிறகு டேவிட் டிரெல் என்பவர் மனிதரின் சளியிலிருந்து கிடைத்த கிருமியை அவரிடம் கொடுத்தபோது, இதை நான் முன்பே கோழியில் பார்த்திருக்கிறேன் என்று அவரால் சொல்ல முடிந்தது. 1967-இல் இருவரும் அதை வெளியிட்டார்கள். 1968-இல் அந்தக் குடும்பத்துக்குக் கொரோனா என்று பேர் வைத்தார்கள். உலகம் முழுக்க அந்தப் பேரைச் சொல்லி நடுங்கிய 2020-இல், எங்கள் சின்னம்மா கோழிக்கறி சாப்பிடலாமா என்று எனக்குத் தினமும் போன் செய்தார். சாப்பிடலாம், கோழியின் ஐபி வேறு கிளை, அது மனிதருக்கு வருவதில்லை என்று தினமும் சொன்னேன். ஆனால் மனிதக் கொரோனாவை அடையாளம் கண்ட கண்ணுக்கு முதலில் பழக்கமானது இந்தக் கோழிக் கிருமிதான். முழு மரபெழுத்தும் முதலில் வாசிக்கப்பட்ட கொரோனாவும் இதுதான்; 1987-இல், 27,600-க்கும் மேற்பட்ட எழுத்துகள்.

சரி, தடுப்பு மருந்து கொடுத்த கோழிக்கு எப்படி வந்தது? பண்ணைக்காரர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். கேட்கும்போதே யாரையோ குற்றம் சொல்லத் தயாராக இருப்பார்கள். மருந்து போலி, பொரிப்பகத்தில் ஏமாற்றிவிட்டார்கள், வேலைக்காரன் சரியாகக் கலக்கவில்லை. இந்த மருந்து உயிருள்ள கிருமி, வீரியம் குறைக்கப்பட்டது. ஹெச்120 என்று ஒன்று உண்டு, மாசசூசெட்ஸ் வகைக் கிருமியிலிருந்து செய்தது. 120 முறை முட்டைக்கு முட்டை மாற்றி வளர்த்துச் சாதுவாக்கியதால் அந்தப் பேர். குடிதண்ணீரில் கலந்து கொடுக்கும்போது குழாய்த் தண்ணீரின் குளோரின் அதைக் கொன்றுவிடும். அதனால் முதலில் கொழுப்பு நீக்கிய பால்மாவைத் தண்ணீரில் கரைப்பார்கள். பால்மா போட மறந்தால் அன்றைய மருந்து வீண். இப்படிப்பட்ட தவறுகள் நடக்கத்தான் செய்கின்றன.

எல்லாம் சரியாகச் செய்தாலும் வரும் என்பதைத்தான் நான் அவர்களுக்கு நிதானமாகச் சொல்லப் பார்க்கிறேன். 1956-இல் யுங்ஹெர் என்பவரும் கூட்டாளிகளும் கனெக்டிகட் வகைக் கிருமியையும் மாசசூசெட்ஸ் வகையையும் சோதித்து, ஒன்றுக்குக் கிடைத்த எதிர்ப்பு மற்றதற்கு உதவவில்லை என்று காட்டினார்கள். கிருமியின் முள்ளில் எஸ்1 என்று ஒரு பகுதி. கோழியின் உடம்பு அடையாளம் வைத்துக்கொள்வது பெரும்பாலும் அந்தப் பகுதியைத்தான். அதுதான் அடிக்கடி மாறவும் செய்கிறது. எழுத்துப்பிழை போலச் சின்ன மாற்றங்கள் சேரும். இரண்டு வகைக் கிருமி ஒரே செல்லுக்குள் சந்தித்தால் பாதிப் பாதி கலந்து மூன்றாவது ஒன்றும் பிறக்கும். நம் நாட்டில் 1995-லும் 2004-லும் பிரித்தெடுத்த இரண்டு கிருமிகளின் மரபெழுத்தைச் செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து 2009-இல் வெளியிட்டார்கள். இரண்டுமே மாசசூசெட்ஸ் வகை கிடையாது. தங்களுக்குள்ளும் வெகுவாக விலகியிருந்தன. 1995 என்ற அந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நிபோங் திபால் கொட்டகை ஞாபகம் வருகிறது. பிறகு சீனாவில் முதலில் கண்ட கியூஎக்ஸ் வகையும் இங்கே வந்து சேர்ந்தது. குஞ்சுப் பருவத்தில் வந்தால் முட்டைக்குழாயைக் கெடுப்பதில் அது பேர்போனது.

ஒவ்வொரு வகைக்கும் ஒரு மருந்து என்று ஓடிக்கொண்டே இருக்க முடியாது. ஜேன் குக்கும் அவருடன் இருந்தவர்களும் 1999-இல் காட்டிய வழி எனக்குப் பிடித்தது. ஒன்றோடொன்று அதிகம் ஒட்டாத இரண்டு மருந்துகளை, ஒன்றை முதல் நாளும் மற்றதை இரண்டு வாரம் கழித்தும் கொடுத்தால், இரண்டிலும் சேராத வகைகளுக்கு எதிராகவும் காப்பு அகலமாகிறது. ஆனால் எந்த இரண்டு என்று தேர்ந்தெடுக்க, நம் கொட்டகைகளில் எது சுற்றுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். அதற்கு மாதிரி அனுப்ப வேண்டும். முட்டை குறைந்த முதல் வாரத்திலேயே ஒரு கோழியை அறுத்துப் பாருங்கள், ஆளைச் சோதிக்காதீர்கள் என்று போனில் கேட்கும் ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன். சிலர் இது உனக்கு எதற்கு என்பது போலப் பேசாமல் இருப்பார்கள். பரவாயில்லை. சொல்லிக்கொண்டுதான் இருப்பேன்.

அன்று இரவு என் கணினியில் இருந்த படங்களை அம்மாவுக்குக் காட்டினேன். திறந்த வயிறு, உள்ளே தெளிந்த நீர்ப்பை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். விரலால் திரையில் அந்தப் பையின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார். "இதேதான்" என்றார். குழாய் எப்படி இருக்க வேண்டும், இதில் எது இல்லை என்று ஒரு தாளில் வரைந்து காட்டினேன். இரண்டு முறை சொல்ல வைத்தார். தாளை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் நான் வேலையிலிருந்து திரும்பும்போது அம்மா வாசற்படியில் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தார். எதிர்முனையில் யார் என்று குரலில் தெரிந்தது. பண்ணையில் பக்கத்துக் கொட்டகையில் வேலை பார்த்தவர். அன்றைக்கு வாசலில் வரிசையில் நின்று பார்த்தவர்களில் ஒருவர். இருபத்தாறு வருடமாகக் கல்யாணம், கருமாதி என்று எங்கே பார்த்தாலும் அம்மா அவரிடம் பேசியதில்லை. இப்போது மடியில் அந்தத் தாள் விரிந்திருந்தது.

"இல்லக்கா, நான் சொல்றத கேளுங்க. முட்டை வெளிய வரவே இல்ல. குஞ்சா இருக்கறப்பவே சீக்கு வந்து குழாய் அடைஞ்சிருச்சு. உள்ளயே விழுந்து உள்ளயே கரைஞ்சு போயிருக்கு. ஆமா, மக படம் காட்டினா. நீங்க கழிச்ச கோழி வாங்குனீங்கள்ல அப்ப, வயித்துல தண்ணி இருந்துச்சா இல்லையா? யோசிச்சுச் சொல்லுங்க. நான் இருக்கேன்."